வெயில் தேடிப் போன மாண்டிலா

மஞ்சள் கறைமேல் சோப்புப் பட்டால் இரத்தச் சிவப்பாகிவிடும் என்பது தமிழ் வீட்டில் வளர்ந்த பூனைக்கும் தெரியும். வேதவல்லிக்கும் தெரியும். தெரிந்தும்தான் சோப்பைப் போட்டாள். பதற்றம் வந்துவிட்டால் கைக்கும் தலைக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடுகிறது, என்ன செய்ய? அவளைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் முழுக்கதையையும் கேட்டுவிடுங்கள், என் கண்ணுகளா. சிரிப்பு எங்கேயும் ஓடிப்போய்விடாது.

எழுபத்தைந்தாம் வருஷத்து மே மாதம் அது. கடல் கடந்த ஒரு குளிர்தேசத்துப் பெரிய ஊரில், காலேஜ் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் செங்கல் வீடு. நடு அடுக்கில் வீட்டுக்கார ரெமேதியோஸ் அம்மாளும் அவள் மகள் பிலாரும். ஸ்பெயின் தேசத்தில் செவில் பட்டணத்துக்காரர்கள். அம்மாள் கணவனை இழந்தவள். எந்நாளும் கறுப்பு உடைதான். மேல் அடுக்கில் வாடகைக்கு நம் வேதவல்லி, மாயவரத்துப் பெண். அவள் கணவன் தட்சிணாமூர்த்தி அணைக்கட்டு வேலையில் இஞ்சினியர். பாதி நாள் வடக்கே ஏதோ காட்டில் இருப்பான். இந்தக் கதை நடந்த வாரமும் அங்கேதான் இருந்தான், புண்ணியவான். வேதவல்லிக்குத் துணை அவன் தங்கை நாகலட்சுமி, இங்கே யுனிவர்சிட்டியில் படிக்க வந்தவள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆகையால் சண்டைக்கும் பஞ்சமில்லை, சிரிப்புக்கும் பஞ்சமில்லை.

வேதவல்லி வீடு பார்க்க வந்த அன்று ஒரு வேடிக்கை நடந்தது. "செவ்வாய்க்கிழமை வந்து குடியேறிக்கலாம்" என்றாள் பிலார். வேதவல்லி தயங்கித் தயங்கி, "செவ்வாய்ல எங்காளுங்க புதுவீடு போகமாட்டாங்க" என்றாள். உள்ளேயிருந்து ரெமேதியோஸ் அம்மாள் கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

"கேட்டியா பிலார்? செவ்வாய்க்கிழமை கல்யாணமும் கூடாது, பயணமும் கூடாதுன்னு எங்க ஊர்ல பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இந்த நாட்டுல நான் பார்த்த முதல் புத்திசாலி இவதான்!"

அன்றிலிருந்து அம்மாளுக்கு வேதவல்லி "ஹிஹா" ஆகிவிட்டாள். அவர்கள் பாஷையில் மகளே என்று அர்த்தம். அந்தப் பெரிய ஊரில், வந்த நாள் தொட்டு வேதவல்லியை அப்படி அழைத்த வாய் அது ஒன்றுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவள் நடுங்கிய நடுக்கமெல்லாம் இந்த ஒரு வார்த்தை போய்விடுமோ என்றுதான்.

இரண்டு பேரும் பேசியது ஆங்கிலம் போல ஒன்று. நான் உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். அசல் இதைவிட மோசம்.

பிலாருக்கு அந்த மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கல்யாணம் குறித்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின புதன்கிழமை சாயங்காலம் ரெமேதியோஸ் அம்மாள் படியேறி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையில் ஒரு நீளப் பெட்டி.

பெட்டிக்குள் மாண்டிலா. பெண்கள் தலையில் போட்டுக்கொள்கிற லேஸ் துணி அது. வெள்ளைப் பட்டு நூலில் கொத்துக் கொத்தாகப் பூப் போட்டு, தலையிலிருந்து முதுகெல்லாம் வழிந்து இடுப்புக்குக் கீழே விழுகிற நீளம். அம்மாளின் அம்மா கல்யாணத்துக்குப் போட்டது, அம்மாள் போட்டது, இப்போது பிலாருக்கு. அதோடு ஒரு சாண் உயரத்தில் ஒரு சீப்பு, வளைந்து, கோயில் கோபுரத்து முகப்பு மாதிரி. பெய்னெட்டா என்று பெயர். அதைக் கொண்டையில் செருகி, அதன்மேல் லேஸைப் போட்டால்தான் மாண்டிலா நிமிர்ந்து நிற்கும். சீப்பு இல்லாவிட்டால் ஈரத் துண்டைத் தலையில் போட்டமாதிரி ஆகிவிடும்.

"சீப்பைச் செருகக் கொண்டை எங்கே இருக்கு?" என்று அம்மாள் மூக்கைச் சிந்தினாள். "அந்தக் கழுதை பாங்க்கு வேலைக்கு அழகா இருக்கும்னு போன வாரம் போய் ஆம்பளைப் பையனாட்டம் முடியை வெட்டிக்கிட்டு வந்துட்டா. கல்யாணத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்னால! நீ தினமும் இவ்வளவு பெரிய கொண்டை போடுறியே ஹிஹா, ஏதாவது பண்ணு!"

வேதவல்லி எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு சவுரியை எடுத்து அம்மாளின் மடியில் போட்டாள். முழங்கை நீளத்துக்குக் கருகருவென்ற முடிக்கற்றை. அம்மாள் முதலில் "ஏதோ மிருகம்!" என்று அலறினாள். பிறகு தடவிப் பார்த்தாள். பிறகு வேதவல்லியின் தலையை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்போ உன் கொண்டை…"

"பாதிதான் என்னது" என்றாள் வேதவல்லி.

அம்மாள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாண்டிலாவையும் சீப்பையும் அங்கேயே வைத்துவிட்டு, "ஒத்திகை பார்த்து வை" என்று சொல்லிக் கன்னத்தில் இரண்டு முத்தமும் கொடுத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலையில் ஒத்திகை நடந்தது. நாகலட்சுமியை நாற்காலியில் உட்காரவைத்துக் கொண்டை போட்டு, சீப்பைச் செருகி, லேஸைப் போர்த்தினாள் வேதவல்லி. நாகலட்சுமி கண்ணாடியைப் பார்த்தாள். கழுத்தை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்.

"அண்ணி, நான் ராணி மாதிரி இல்ல?"

"ராணியேதான். போய்ப் பாத்திரம் கழுவு ராணி."

லேஸைக் கழற்றி மடிக்கும்போதுதான் வேதவல்லிக்கு அந்த எண்ணம் வந்தது. கல்யாணப் பெண் தலையில் ஏறப்போகிற துணி. மஞ்சள் வைக்காமலா?

நம் வீடுகளில் ஒரு கைக்குட்டை வாங்கினாலும் மூலையில் மஞ்சள் வைக்காமல் எடுப்போமா? கூறைப்புடவைக்கு நாலு மூலையிலும் வைப்போம். பிலாரை அவள் அயலாளாக நினைத்திருந்தால் அந்த எண்ணமே வந்திருக்காது.

"அண்ணி, வேணாம்" என்றாள் நாகலட்சுமி. "அது அவங்க துணி."

"ஒரு மூலைல, ஒரு கடுகளவு. யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?"

கடுகளவுதான் வைத்தாள். ஆனால் மஞ்சளைக் குழைத்ததில் தண்ணீர் சற்றுக் கூடிவிட்டது. பழம்பட்டு, பல வருஷத் தாகம் போலிருக்கிறது. உறிஞ்சிற்று. கடுகு மிளகாயிற்று, மிளகு நெல்லிக்காயாயிற்று. இரண்டு பேரும் வாயைத் திறந்து மூடுவதற்குள் பூரி அளவுக்கு வந்து நின்றது.

"ஐயையோ!" என்று வேதவல்லி குழாயடிக்கு ஓடினாள். "அண்ணி, சோப்பு வேணா…" என்று நாகலட்சுமி கத்துவதற்குள் சோப்புக் கட்டி லேஸில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டது.

பூரி சிவந்தது. சாதாரணச் சிவப்பா? ஆடு வெட்டினமாதிரிச் சிவப்பு.

அப்போது எழுந்த அலறலில் கீழே பேஸ்மென்டில் இருந்த மரியநாயகம் படிகளைத் தாவிக்கொண்டு மேலே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் படுத்திருந்தார். தலைமயிரெல்லாம் மாவு.

"என்ன தங்கச்சி, ஆருக்கும் கை வெட்டிப்போட்டுதோ? உதென்ன, ரத்தமே?"

"ரத்தமில்ல அண்ணே, மஞ்சள்."

"மஞ்சளே? பிறகேன் உப்பிடிச் சிவத்துக் கிடக்கு?" அவர் கிட்டே வந்து பார்த்தார். பார்த்த கண் விரிந்தது. "சோப்புப் போட்டனியளோ? ஐயோ, மாதாவே! எங்கட அம்மாவும் பூசைக்குப் போகேக்க தலைக்கு நெற் முக்காடு போடுறவ. அதையே எங்களைத் தொட விடமாட்டா. உது ராசாத்தி வீட்டுச் சாமான் போல கிடக்கு, பிள்ளை!"

"தெரியும் அண்ணே" என்று வேதவல்லி அழ ஆரம்பித்தாள். "வீட்டுக்கார சென்யோராவுக்குச் சகுனம்னா உயிர். கட்டில்மேல தொப்பி வச்சா வீட்டுக்கு ஆகாதும்பாங்க. உப்பு கொட்டினா தோளுக்குப் பின்னால வாரி எறிவாங்க. கல்யாணத் துணில ரத்தக் கலர்ல கறைன்னா… என்னை மன்னிப்பாங்களா? இனிமே ஹிஹான்னு கூப்பிடுவாங்களா?"

"முதல்ல எலுமிச்சம்பழம்" என்றாள் நாகலட்சுமி. எலுமிச்சைச் சாறு பட்டதும் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. இரத்தத்துக்கு மஞ்சள் எவ்வளவோ தேவலை. "இனி வெயில்ல போட்டா மஞ்சள் தானா போயிடும். அம்மா பண்ணறதுதானே? ஒரு பகல் வெயில் போதும் அண்ணி."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஊருக்கு நடுவே ஓர் இராட்சதக் கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் அல்லவா? வேதவல்லியின் சமையலறை ஜன்னலில் அது தெரியும். கோபுரத்தின் தலை தெரிந்தால் அன்று வெயில், இல்லையென்றால் குடை. வியாழக்கிழமை முழுவதும் அதன் தலையும் தெரியவில்லை, இடுப்பும் தெரியவில்லை. வேதவல்லி ஜன்னலுக்கும் லேஸுக்குமாக நடந்து தேய்ந்தாள். நாகலட்சுமி மேஜை விளக்கை ஏற்றி அதன் கீழே லேஸைப் பிடித்துப் பார்த்தாள். கை சுட்டதுதான் மிச்சம்.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது.

"ஹிஹா! ஒத்திகை ஆச்சா? எனக்குக் காட்டு!"

வேதவல்லி லேஸை அரிசிப் பானைக்குள் திணித்தாள். கதவைத் திறந்த நாகலட்சுமி, எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பொய், கண்ணிமைக்காமல் சொன்னாள்:

"சென்யோரா, எங்க பழக்கத்துல கல்யாணத் துணியை ஒருதரம் மடிச்சு வச்சுட்டா, கல்யாணத்தன்னிக்குக் காலைலதான் பொண்ணோட அம்மா பார்க்கணும். முன்னால பார்த்தா ஆகாது."

நாத்தனாரின் புடவையைப் பின்னாலிருந்து வேதவல்லி இழுத்தாள். ஆனால் ரெமேதியோஸ் அம்மாள் முகம் ஒளிர்ந்துபோயிற்று. சட்டென்று இரண்டு கண்களையும் மூடிக்கொண்டாள். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டாள்.

"நல்லவேளை சொன்னே! நான் எதையும் பார்க்கலை! சத்தியமா எதையும் பார்க்கலை!"

கண்ணைத் திறக்காமலே கைப்பிடியைத் தடவித் தடவிப் படியிறங்கிப் போனாள். கீழே ஏதோ உருண்ட சத்தம் கேட்டது. அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை என்று பிலார் பிறகு சொன்னாள்.

"நீ நரகத்துக்குத்தான் போவே" என்றாள் வேதவல்லி.

"அங்கே வெயில் நல்லா இருக்கும் அண்ணி. லேஸையும் குடுத்தனுப்புங்க."

வெள்ளிக்கிழமை விடிந்தது. கோபுரத்துக்குக் கழுத்துவரை மேகம். வேதவல்லிக்கு மோர்கூட இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து மரியநாயகம் படியேறி வந்தார். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. கையில் கார் சாவி.

"றேடியோவில கிழக்குப் பக்கம் வானம் வெளிக்குதாம் எண்டு சொல்லுறாங்கள். வெளிக்கிடுங்கோ. வெய்யில் எங்களிட்ட வராட்டி நாங்கள் வெய்யிலிட்டப் போவம்!"

"நீங்க தூங்கலையா அண்ணே?"

"உந்த லேஸ் உப்பிடிக் கிடக்கேக்க எனக்கெங்கை நித்திரை?"

அவருடைய கார் ஒரு படகு அளவு இருக்கும். பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அண்ணியும் நாத்தனாரும் மற்றக் கதவு வழியாக ஏறி, மடியில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை வைத்து, அதன்மேல் லேஸின் மூலையை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். கிளம்பிற்று ஊர்வலம்.

ஏரிக்கரைச் சாலையில் ஒரு வெயில் கீற்று தெரிந்தது. "அங்க பாருங்க!" என்று நாகலட்சுமி கூவ, மரியநாயகம் வண்டியைத் திருப்பினார். வண்டி போய்ச் சேர்வதற்குள் கீற்று எதிர்ச்சாரிக்குத் தாவிவிட்டது. திருப்பி எதிர்ச்சாரிக்குப் போனால் அது தெரு தாண்டி ஓடிற்று. ஒரு சிக்னலில் நிற்கும்போது மடியில் நேராக வெயில் விழுந்தது. பச்சை விளக்கு வந்தும் மரியநாயகம் அசையவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின.

"அண்ணே, போங்க! பின்னால திட்டறாங்க!"

"திட்டட்டும் பிள்ளை. காயட்டும், காயட்டும்."

கிங்ஸ்டன் ரோடு வழியே கிழக்கே போகப் போக மேகம் கிழிந்தது. ஊர்க்கோடியில், ஸ்கார்பரோவில் ஏரியை ஒட்டிய அந்த மண்மேடுகள் இருக்கின்றனவே, அங்கே போய் இறங்கினால், அடடா! பிள்ளைகளே, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வானம் கழுவிவிட்டமாதிரி நீலம். ஏரி முழுவதும் மின்னல். வெயில் தலையில் இறங்கி உட்கார்ந்தது.

ஆனால் காற்று! தட்டோடு லேஸைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போகப் பார்த்தது. ஒருதரம் வேதவல்லி பாய்ந்து பிடித்தாள், ஒருதரம் மரியநாயகம் புல்லில் விழுந்து பிடித்தார்.

"தரையில வச்சா அழுக்காகும், கையில பிடிச்சாக் கிழியும்" என்று வேதவல்லி கையைப் பிசைந்தாள். பிறகு நாகலட்சுமியைப் பார்த்தாள். நாகலட்சுமிக்கு அந்தப் பார்வை புரிந்துவிட்டது.

"முடியவே முடியாது அண்ணி."

"இது காத்துல நிக்கறதுக்குன்னே செஞ்ச துணிடி. கொண்டையும் சீப்பும் இருந்தா அசையாது. சீப்பு பைல இருக்கு. உட்காரு."

ஆக, மாண்டிலா எப்படி நிற்க வேண்டுமோ அப்படியே நின்றது. நாகலட்சுமிக்கு மாம்பழக் கலர் நைலெக்ஸ் புடவை, அதன்மேல் அண்ணனுடைய குளிர்கோட்டு, காலில் கான்வாஸ் ஷூ, தலையில் ஒரு சாண் சீப்பு, அதன்மேல் முதுகெல்லாம் வழியும் ஸ்பெயின் தேசத்து லேஸ். மஞ்சள் மூலையை முன்னால் இழுத்து, சூரியனுக்கு நேரே தோளில் விரித்து ஊசி குத்தினாள் வேதவல்லி. சூரியன் நகர நகர நாகலட்சுமியையும் சூரியகாந்திப் பூ மாதிரித் திருப்பி நிறுத்தினாள்.

நடக்க வந்த வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி அப்படியே நின்றுவிட்டாள். கையைக் கோத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "ஓ, மணப்பெண்!" என்றாள். பிறகு பக்கத்தில் பார்த்தாள். பிஸ்கட் மாவு அப்பின உடுப்போடு, தூக்கம் சொக்கும் கண்ணோடு மரியநாயகம் நின்றிருந்தார். பாட்டி அவர் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினாள்.

"கன்கிராஜுலேஷன்ஸ்! நீங்க ரொம்பக் குடுத்துவச்சவர்!"

"ஓம்… தாங்க்ஸ், தாங்க்ஸ்" என்று ஆமாம் போட்டார் மரியநாயகம். வேறு என்ன சொல்வார், பாவம்?

"அண்ணே! என்ன ஓம்?" என்று பல்லைக் கடித்தாள் நாகலட்சுமி. தலையை ஆட்ட முடியாது, சீப்பு விழுந்துவிடும். "அண்ணேன்னு கூப்பிடறேன், ஓம்ங்கறீங்களே!"

"பிள்ளை, உந்தக் கதையை நான் இங்கிலிஷில எப்பிடி விளங்கப்படுத்திறது? மஞ்சளிலயிருந்து தொடங்கிறதோ, சோப்பிலயிருந்து தொடங்கிறதோ?"

வேதவல்லி புல்லில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. இரண்டு நாளாக அடைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டாள். மரியநாயகமும் சிரித்தார். நாகலட்சுமி மட்டும் சிரிக்க முடியாமல் விறைத்து நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது. பாட்டி அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, காரிலிருந்து தன் டோநட் பெட்டியைக் கொண்டுவந்து கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வெயில் சாய்கிறவரை அங்கேயே இருந்தார்கள். நடுநடுவே எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தார்கள். மஞ்சள் எலுமிச்சைத்தோலாயிற்று, வாழைப்பழமாயிற்று, நெய்யாயிற்று, பிறகு ஒன்றுமேயில்லை. வேதவல்லி சூரியனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் டோநட்டும் பாட்டும்தான். வீட்டுக்கு வந்து மேஜையில் லேஸை முழுவதுமாக விரித்தார்கள். விரித்ததும் பாட்டு நின்றது.

"அண்ணி, எனக்குத்தான் கண்ணு சரியில்லையா?"

கண்ணில் கோளாறில்லை. இரண்டு தலைமுறை மடித்து வைத்த பழம்பட்டு அது. வெள்ளை வெள்ளை என்று நாம் சொன்னாலும் உண்மையில் அதன் நிறம் பாலாடை நிறம். சோப்பும் எலுமிச்சையும் வெயிலும் பட்ட அந்த ஒரு மூலை மட்டும் இப்போது புதுப்பல் மாதிரிப் பளீரென்று வெளுத்துக் கிடந்தது.

"போச்சு" என்றாள் வேதவல்லி. "அழுக்கு போகணும்னு வேண்டினேன். இவ்வளவு போகணும்னு வேண்டலையே!"

நாகலட்சுமி யோசித்தாள். அடுப்பு மேடையைப் பார்த்தாள். அங்கே ஃபில்டரில் மறுநாள் காப்பிக்கு இறக்கிய டிகாக்ஷன் சொட்டிக்கொண்டிருந்தது.

"கூடாது" என்றாள் வேதவல்லி.

"ரொம்பத் தண்ணியா. ஒரு சொட்டு. மஞ்சளை வச்சது நீங்க. காப்பியை நான் வைக்கறேன்."

ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு டிகாக்ஷன் விட்டு, மூலையைக் காட்டி எடுத்தார்கள். போதவில்லை. இன்னொரு சொட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு உலர்த்தினார்கள். பாலாடையோடு பாலாடை சேர்ந்துவிட்டது. எந்த மூலை என்று அவர்களுக்கே தெரியவில்லை. அண்ணியும் நாத்தனாரும் சமையலறையில் கைகோத்துக் கும்மியடித்தார்கள். கீழே அம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும்; மேலே என்ன என்று கேட்கவேயில்லை.

சனிக்கிழமை காலை. பிலார் வெள்ளைக் கவுனில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கட்டை முடியோடு சவுரியைக் கறுப்பு நூலால் இறுக்கி, ஊசிகளைச் செருகி, வேதவல்லி ஒரு கொண்டையை எழுப்பினாள்.

"என் தலைமேல பூனை படுத்திருக்கிற மாதிரி இருக்கு" என்றாள் பிலார்.

"பூனை அசையாம இருக்கணும்னா நீயும் அசையாதே."

சீப்பு ஏறிற்று. மாண்டிலா ஏறிற்று. "இப்போ பாருங்க" என்றதும், கைகளால் முகத்தை மூடிக்கொண்டு காத்திருந்த ரெமேதியோஸ் அம்மாள் விரல்களை விலக்கினாள். மகளைச் சுற்றி வந்தாள். முழங்காலிட்டு லேஸின் ஓரத்தைக் கையிலெடுத்தாள், முத்தமிட. அதே மூலை. எத்தனையோ அங்குல லேஸ் இருக்க, அதே மூலை!

முத்தமிடப் போன மூக்கு நின்றது. ஒருதரம் முகர்ந்தது. இன்னொருதரம் முகர்ந்தது.

"காப்பி வாசனை" என்றாள் அம்மாள்.

நாகலட்சுமி இன்னொரு பொய்க்கு வாயைத் திறந்தாள். வேதவல்லி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். இந்த முகத்துக்கு இனி ஒரு பொய் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தெரிந்த ஆங்கிலத்திலெல்லாம் சொன்னாள். மஞ்சள், சோப்பு, எலுமிச்சை, மழை, கார், சூரியன், காப்பி. சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"அந்த மஞ்சள்" என்றாள் அம்மாள் மெதுவாக. "எதுக்கு அது?"

"எங்க ஊர்ல கல்யாணத் துணிக்கு வைப்போம். பொண்ணு நல்லா இருக்கணும்னு."

"அதை நீ வச்சே."

"வச்சேன்."

"அப்புறம் எடுத்துட்டே."

"எடுத்துட்டேன் சென்யோரா. சுத்தமா எடுத்துட்டேன்."

அம்மாளின் முகம் வெளுத்தது. இரண்டு கைகளையும் கூரையை நோக்கி எறிந்தாள்.

"பைத்தியமே! என் பொண்ணுக்கு வச்ச அதிர்ஷ்டத்தை யாராவது சோப்புப் போட்டுக் கழுவுவாங்களா? எலுமிச்சை வேறே! சூரியன் வேறே! மூணு தடவை எடுத்திருக்கே! கல்யாணத்துக்கு முதல் நாள்! ஓடு! ஓடிப்போய் அதை மறுபடியும் வை!"

வேதவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பார்க்கறே ஹிஹா? சர்ச்சுக்கு நேரமாச்சு!"

ஹிஹா! அந்த வார்த்தை காதில் விழுந்ததும் வேதவல்லி படிகளை எப்படி ஏறினாள், எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. மஞ்சள் கிண்ணத்தோடு வந்து நின்றாள். இந்தத் தடவை தண்ணீர் தொட்டும் தொடாமலும் குழைத்து, அதே மூலையில் ஒரு கடுகளவு வைத்தாள். கடுகு கடுகாகவே நின்றது.

"ஒரு மூலைதானா?" என்றாள் அம்மாள் சந்தேகமாக.

நாலு மூலைக்கும் வைத்தார்கள். பிலாரின் கவுனுக்கு, பூச்செண்டின் ரிப்பனுக்கு, வாசலில் கார் வைத்துக் காத்திருந்த மரியநாயகத்தின் புது டைக்கு. "என்னத்துக்கு எனக்கு?" என்றார் அவர். "நேத்து மாப்பிள்ளைதானே நீங்க" என்றாள் நாகலட்சுமி.

கடைசியில் ரெமேதியோஸ் அம்மாள் தன் தலையில் போட்டிருந்த கறுப்பு மாண்டிலாவின் ஓரத்தைப் பிடித்து நீட்டினாள். "எனக்கு?"

வேதவல்லியின் விரல் ஒரு கணம் தயங்கியது. கணவனை இழந்தவளுக்கு மஞ்சளை யார் நீட்டுவார்கள், அவள் பிறந்த ஊரில்? அம்மாள் குழந்தை மாதிரி லேஸை நீட்டிக்கொண்டு நின்றாள். வேதவல்லி கிண்ணத்தில் விரலை நன்றாகத் தோய்த்து, கறுப்பில் பளிச்சென்று தெரியும்படி பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். அம்மாள் அதை எல்லோருக்கும் காட்டினாள்.

சர்ச்சில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சவுரி அசையவில்லை. சீப்பு சாயவில்லை. பாதிரியார் மோதிரத்தை மந்திரிக்கும் நேரம் பார்த்து, இரண்டு நாளாக ஊரெல்லாம் துரத்தியும் பிடிபடாத வெயில், யாரும் அழைக்காமலே ஜன்னல் வழியாக இறங்கி, நேராகப் பிலாரின் முதுகில் உட்கார்ந்தது.

மரியநாயகம் வேதவல்லியின் பக்கம் சரிந்தார்.

"தங்கச்சி, வெய்யில் நேர மூலையில படுது. மஞ்சள் போகப்போகுது!"

வேதவல்லி முன் பெஞ்சுக்குக் குனிந்து ரெமேதியோஸ் அம்மாளின் காதில் ஒரு வார்த்தை சொன்னாள்: "சூரியன்."

அம்மாள் திரும்பி ஜன்னலை ஒரு முறை முறைத்தாள். எல்லோரும் முழங்காலிட்டிருக்க, அவள் மட்டும் எழுந்தாள். பெஞ்சைவிட்டு வெளியே வந்தாள். பாதிரியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், அவள் பார்க்கவில்லை. ஜன்னலுக்கும் மகளுக்கும் நடுவில் போய், கறுப்பு மாண்டிலாவை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்து, பூசை முடிகிறவரைக்கும் அப்படியே நின்றாள்.